ஓட்டத்தை அளந்த உள்ளம்

விரைந்து ஓடுபவருக்கு மூச்சு இரைக்கிறது. ஓட்டம் நின்ற பின்னும் அவ்விரைப்பு உடனே அடங்குவதில்லை. யாவரும் அறிந்த இந்நிகழ்வின் காரணத்தை அளந்தறிய முற்பட்டவர் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில். உடற்பயிற்சி அறிவியலுக்கு அடித்தளமிட்ட அவர், நாடிழந்த அறிஞர்களுக்குப் புகலிடம் தேடித் தந்த மனிதநேயராகவும் விளங்கினார்.

கணிதத்திலிருந்து தசைக்கு

ஹில் 1886ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலுள்ள டிரினிட்டி கல்லூரியில் கணிதம் பயின்று, பல்கலைக்கழகத் தேர்வில் மூன்றாமிடம் பெற்றார். பின்னர், ஆசிரியர் வால்டர் பிளெட்சரின் அறிவுரையை ஏற்று உடலியங்கியல் துறைக்கு மாறினார். தவளையின் தசை ஒருமுறை சுருங்கும்போது எழும் வெப்பம், ஒரு பாகையில் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். அதனை அளக்க வல்ல நுண்கருவிகளை ஹில் செம்மைப்படுத்தினார். தசை சுருங்கும்போது மட்டுமன்றி, ஓய்வடைந்து மீளும்போதும் வெப்பம் வெளிப்படுகிறது என்றும், அம்மீட்சிக்கு ஆக்சிஜன் தேவை என்றும் கண்டறிந்தார்.

இக்கண்டுபிடிப்பிற்காக 1922ஆம் ஆண்டிற்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ஜெர்மானியரான ஆட்டோ மேயர்ஹோப். முதல் உலகப்போரில் இரு நாடுகளும் எதிரெதிரே நின்று சில ஆண்டுகளே கழிந்திருந்தன. பகை மூண்ட நாடுகளையும் அறிவு இணைக்கும் என்பதற்கு அப்பரிசு சான்றாயிற்று.

திடலே ஆய்வுக்கூடம்

ஹில் ஓட்டத்தில் பேரார்வம் உடையவர். மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்தபோது தம்மையே ஆய்வுப்பொருளாக்கிக்கொண்டு புல்தரையில் ஓடினார். வெளிவிடும் மூச்சைப் பைகளில் சேகரித்து ஆராய்ந்தார். ஓட்டத்தின் வேகம் கூடக்கூட உடல் கொள்ளும் ஆக்சிஜனும் கூடுகிறது. ஆயினும் ஓர் எல்லைக்குமேல் அது கூடுவதில்லை. அதற்கும் மிஞ்சிய உழைப்பிற்கு உடல் ஆக்சிஜனைக் கடனாகப் பெற்று, ஓய்வின்போது திருப்பிச் செலுத்துகிறது என விளக்கினார். ஆக்சிஜன் கடன் பற்றிய விளக்கம் பின்னாளில் சில திருத்தங்களைப் பெற்றது. எனினும், ஆக்சிஜன் நுகர்வின் உச்ச அளவு இன்றும் விளையாட்டு வீரரின் தாங்குதிறனை மதிப்பிடும் அளவுகோலாக உள்ளது.

புகலிடம் தந்த கரங்கள்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத அறிஞர்கள் பலர் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே வில்லியம் பெவரிட்ஜ், ரூதர்போர்டு முதலியோருடன் இணைந்து, அவர்களுக்கு உதவும் குழுவை நிறுவுவதில் ஹில் முன்னின்றார். அறிவியலாளர் அரசியலில் தலையிடலாகாது என்போர் அன்று இருந்தனர். அறிஞரின் உரிமை பறிபோகுமிடத்தில் அறிவியலும் நிலைக்காது என்பது ஹில்லின் துணிவு. 1935இல் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய பெர்னார்டு காட்ஸ் என்னும் இளைஞருக்கு இலண்டனிலுள்ள தம் ஆய்வுக்கூடத்தில் இடமளித்தார். அவ்விளைஞரே 1970இல் நோபல் பரிசு பெற்றார். பரிசைப் பகிர்ந்த மேயர்ஹோப்பும் 1938இல் தாய்நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

1940இல் ஹில் நாடாளுமன்ற உறுப்பினரானார். போர் அச்சத்தால் இங்கிலாந்து அரசு அகதிகளையே எதிரிகளாகக் கருதிக் காவலில் வைத்தபோது, அவர்களின் விடுதலைக்காக வாதாடினார்.

இந்தியாவில்

1943ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்த ஹில், சில மாதங்கள் தங்கி இந்நாட்டின் அறிவியல் ஆராய்ச்சி நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். மருத்துவக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் அனைத்திந்திய மையம் ஒன்று வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். அவ்வெண்ணம் 1956இல் புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகமாக உருப்பெற்றது.

1977ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஹில் மறைந்தார். அவர் நிறுவத் துணைநின்ற உதவிக்குழு வேறு பெயரில் இன்றும் இயங்குகிறது. தசையின் நுண்ணிய வெப்பத்தையும் தவறவிடாத அவ்வறிஞர், சக மனிதரின் துயரையும் காணத் தவறவில்லை.