வீணாப்போற புகையில் பவர் எடுத்த மனிதர்!

உங்க டர்போ கார்ல இன்னும் கொஞ்சம் பவர் வேணும். ஆனா பட்ஜெட் இடிக்குதா? அப்போ ஆல்ஃபிரட் பியூக்கியோட கதையை நீங்க தெரிஞ்சுக்கணும். உங்க கார்ல இருக்கிற டர்போவுக்கு மூலகாரணமே அவர்தான்!

1879-ல் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் பிறந்தவர் பியூக்கி. அப்பா, சுல்ஸர் என்ற பிரபல இன்ஜின் கம்பெனியில் அதிகாரி. மகன் 1903-ல் ஜூரிச் பாலிடெக்னிக்கில் இன்ஜினீயரிங் முடிச்சுட்டு, பெல்ஜியம், இங்கிலாந்துன்னு வேலை பார்த்தார். அப்போ ஒரு விஷயம் அவரை உறுத்திக்கிட்டே இருந்தது. இன்ஜினுக்கு ஊத்துற எரிபொருளோட சக்தியில் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, சூடான புகையா வெளியே போயிடுது. காசு கொடுத்து வாங்கின சக்தி, காத்துல கரையுது!

அந்தப் புகையை வெச்சே ஒரு டர்பைனைச் சுத்தவிட்டு, அந்தச் சுழற்சியில் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிச்சா என்ன? இந்த ஐடியாவுக்கு 1905-ல் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பிச்சப்போ, அவருக்கு வயசு 26.

உடனே ஹிட் ஆச்சா? அதான் இல்லை. சுல்ஸரில் சேர்ந்து பல வருஷம் சோதனை பண்ணியும் சரியா வரலை. அந்தக் காலத்து டர்பைன், கம்ப்ரஸர்களுக்கு அவ்வளவு திறனும் இல்லை. சூட்டைத் தாங்குற உலோகமும் இல்லை. ஆனாலும் மனுஷன் விடலை.

திருப்பம் வந்தது 1925-ல். காற்றழுத்தத்தைக் கண்டபடி ஏத்துறதுக்குப் பதிலா, புகை வெளியேறுற வழியைச் சீரமைச்சார் பியூக்கி. ஒரு சிலிண்டரோட புகை இன்னொண்ணை மறிக்காதபடி பைப்புகளைத் தனித்தனிக் குழுவாகப் பிரிச்சார். உள்ளே வர்ற புதுக்காற்றே மிச்சப் புகையைத் துடைச்சுத் தள்ளுற மாதிரி வால்வுகள் திறக்குற நேரத்தையும் மாத்தினார். 'பிரஸ்ஸன்', 'ஹன்ஸெஸ்டாட் டான்ஸிக்'னு ரெண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் இந்த டர்போ ஏறுச்சு. 1,750 குதிரைத்திறன் தர வேண்டிய இன்ஜின், 2,500 கொடுத்தது!

இதுல உங்களுக்கு என்ன பாடம்? மலிவா ஒரு பூஸ்ட் கன்ட்ரோலரை வாங்கி மாட்டி, அழுத்தத்தை மட்டும் ஏத்தாதீங்க. அதுக்கேத்த எரிபொருளும் இக்னிஷன் டைமிங்கும் அமையலைன்னா, பெட்ரோல் இன்ஜின் 'நாக்கிங்' ஆகி பிஸ்டனே உருகலாம். மிச்சம் பிடிச்ச காசைவிட பல மடங்கு செலவு வைக்கும்.

முதல்ல இன்ஜின் ஒழுங்கா மூச்சு விடுதான்னு பாருங்க. ஏர் ஃபில்டரை மாத்துங்க. இன்டர்கூலர் ஹோஸ்ல லீக் இருக்கான்னு செக் பண்ணுங்க. கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலையே ஊத்துங்க. டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல சுத்துறதே அந்த ஆயிலை நம்பித்தான். தொலைஞ்சுபோன பவர்ல பாதி இங்கேயே திரும்பக் கிடைச்சாலும் ஆச்சர்யமில்லை. இதுக்கப்புறமும் போதலைன்னா மட்டும் ரீமேப் பத்தி யோசிங்க. வாரன்டி போகலாம்ங்கிறதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

பியூக்கி 1959-ல் பிறந்த ஊரிலேயே காலமானார். டர்போ வெச்ச பெட்ரோல் கார்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1962-ல்தான். அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கலை. நீங்க ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்னாடி ஒரு தள்ளு தள்ளுதே... அது அவர் போட்ட விதை பாஸ்!