பாக்கெட் துப்பாக்கி உயிரைக் காக்குமா? அதைப் படைத்த பிரவுனிங்கின் கதை

1931-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி. பம்பாய் மாகாணத்தின் தற்காலிக கவர்னர் சர் எர்னஸ்ட் ஹாட்சன், பூனா பெர்குசன் கல்லூரிக்கு வந்திருந்தார். வாடியா நூலகத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசுதேவ் பல்வந்த் கோகடே என்ற மாணவர் அவரை நெருங்கினார். மிக அருகில் நின்று கவர்னரின் மார்பைக் குறி வைத்துச் சுட்டார்.

கவர்னர் விழவில்லை! மார்புப் பையில் இருந்த ஒரு சிறு உலோகத் துண்டு குண்டைத் தடுத்துவிட்டது. சுட்டவரை மடக்கிப் பிடித்துவிட்டார்கள். கோகடேக்கு 8 ஆண்டு கடுங்காவல் தண்டனை. கடைசிவரை பூனா மக்கள் அவரை "ஹாட்சன் கோகடே" என்றே அழைத்தார்கள்.

இதே பூனாவில் அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இன்னொரு சம்பவம். 1897-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி இரவு, கணேஷ்கிண்ட் ரோட்டில் பிளேக் அதிகாரி ராண்டின் குதிரை வண்டியில் ஏறி, தாமோதர் சாப்பேகர் சுட்டார். அதுவும் மிக அருகில் இருந்துதான். ஆனால் ராண்டின் உயிர் பிரிந்தது ஜூலை 3-ந் தேதி. நடுவில் 11 நாட்கள்!

பையில் வைத்துக்கொள்ளும் சிறிய துப்பாக்கி, ஆபத்து வேளையில் ஆளைக் காப்பாற்றுமா? எதிரியை நின்ற இடத்திலேயே நிறுத்துமா? லைசென்சுக்கு மனுப் போடுகிற நகைக்கடைக்காரரும், சம்பளப் பணம் எடுத்துப்போகிற காசாளரும் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை தேடினால், பாக்கெட் துப்பாக்கியை உலகமெங்கும் பரப்பிய மனிதரின் வாழ்க்கைக்குத்தான் போக வேண்டும். அவர் பெயர் ஜான் மோசஸ் பிரவுனிங்.

பட்டறையில் பிறந்தவர்

அமெரிக்காவில் யூட்டா பகுதியில் உள்ள ஊர் ஆக்டன். அங்கே 1855-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி பிரவுனிங் பிறந்தார். தந்தை ஜோனதன், துப்பாக்கி செய்பவர். மார்மன் சமயத்தைச் சேர்ந்தவர். அவருக்கு மனைவிகள் மூவர். பிள்ளைகள் 22 பேர்!

வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறை. பையன் அங்கேயே வளர்ந்தான். உடைந்துபோன ஒரு பழைய துப்பாக்கிக் குழலையும் மரக்கட்டையையும் சேர்த்து, சிறுவனாக இருக்கும்போதே ஒரு துப்பாக்கி செய்துவிட்டான். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் அதனால் பறவையும் சுட்டான்.

1869-ல் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த ரயில் பாதை ஆக்டன் வழியாகத்தான் போட்டார்கள். ஒதுங்கிக் கிடந்த ஊர் பெரிய ஜங்ஷன் ஆனது. பிரவுனிங்குக்கு அப்போது வயது 14. அந்தப் பாதை வந்திராவிட்டால், ஆக்டன் பட்டறையில் இருந்த ஒருவரை வெளியுலகம் கண்டுபிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1879-ல் தந்தை இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி மகனுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. ஒரு ரைபிளுக்கு. சகோதரர்கள் சேர்ந்து சிறிய தொழிற்சாலை போட்டார்கள். அந்த ரைபிள் ஒன்று எப்படியோ வின்செஸ்டர் கம்பெனியின் கண்ணில் பட்டது. 1883-ல் அந்தக் கம்பெனியின் பெரிய அதிகாரி ரயிலேறி ஆக்டனுக்கே வந்து, 8 ஆயிரம் டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பிறகு 19 ஆண்டுகள், பிரவுனிங் செய்வதும் வின்செஸ்டர் வாங்குவதுமாகப் போயிற்று. கடைசியில் விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்கு வேண்டும் என்று பிரவுனிங் கேட்டார். கம்பெனி மறுத்தது. உறவு முறிந்தது. உழைத்தவன் பங்கு கேட்டால் கம்பெனிக்குக் கசக்கும். அது அமெரிக்காவிலும் அப்படித்தான்.

பெல்ஜியம் அழைத்தது

இதற்கு முன்பே கைத்துப்பாக்கியில் அவர் ஒரு புதுமை செய்திருந்தார். அதுவரை ரிவால்வர்தான் பெரும் வழக்கம். அதில் உருளை இருக்கும், பருமனாக இருக்கும், பையில் புடைத்துக்கொண்டு நிற்கும். பிரவுனிங் செய்த பிஸ்டல் தட்டையானது. ஒரு தோட்டா வெடிக்கும் வேகமே மேல்பகுதியைப் பின்னால் தள்ளும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். அடுத்தது தானாக ஏறும்.

பெல்ஜியம் நாட்டில் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டாலில் எப்.என். என்ற தொழிற்சாலை இருக்கிறது. 1897-ல் அதன் பிரதிநிதி பிரவுனிங்கைச் சந்தித்தார். ஒப்பந்தம் ஆயிற்று. 1900-ம் ஆண்டு மாடல் பிஸ்டல் பிறந்தது. அதன் குண்டின் விட்டம் 7.65 மில்லிமீட்டர். நம் ஊர் லைசென்ஸ் பேச்சில் "32 போர்" என்பது இந்த அளவுதான். ஓர் அங்குலத்தில் நூறில் 32 பங்கு.

அடுத்து இன்னும் சிறியது வந்தது. கோட்டுக்குள் போடும் சட்டையின் பையிலேயே அடங்கும் 6.35 மில்லிமீட்டர் பிஸ்டல், அதாவது 25 போர். நீளம் சுமார் 11 சென்டிமீட்டர். எடை 400 கிராமுக்கும் குறைவு. ஐரோப்பாவில் வியாபாரிகளும் சீமாட்டிகளும் போட்டி போட்டு வாங்கினார்கள். முதல் உலகப் போர் தொடங்கும் முன்பே எப்.என். செய்த பிரவுனிங் பிஸ்டல்கள் 10 லட்சத்தை எட்டின. பிஸ்டல் என்பதற்குப் பதிலாகப் பிரவுனிங் என்றே சில நாடுகளில் சொல்லத் தொடங்கினார்கள்.

மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள்

அதே காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு தலைவலி. பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ மக்களோடு சண்டை. கையில் வாளோடு ஓடி வருகிறவனை 38 ரிவால்வரால் சுட்டால், அவன் குண்டை வாங்கிக்கொண்டே வந்து வெட்டிவிட்டுத்தான் விழுந்தான்! பின்னால் அவன் இறந்திருக்கலாம். வெட்டுப்பட்டவனுக்கு அதில் என்ன லாபம்?

1904-ல் தாம்சன் என்ற ராணுவ அதிகாரியும், லாகார்ட் என்ற ராணுவ டாக்டரும் சிகாகோ கசாப்புக் கூடங்களில் மாடுகளைப் பல அளவுக் குண்டுகளால் சுட்டுப் பார்த்தார்கள். இறந்த மனித உடல்களிலும் சோதித்தார்கள். இன்று படிக்கும்போது மனம் கசக்கிறது. சோதனையும் ஒழுங்கான விஞ்ஞான முறையில் நடக்கவில்லை என்று பிற்காலத்தில் பலர் குறை சொன்னார்கள். ஆனாலும் முடிவு திட்டவட்டமாக இருந்தது. படைவீரனின் கைத்துப்பாக்கிக்கு 45-க்குக் குறைந்த குண்டு கூடாது.

அந்த 45 பிஸ்டலைச் செய்து கொடுத்தவர் யார்? சட்டைப் பைக்கு 25 செய்த அதே பிரவுனிங்! 1911 மார்ச் மாதம் அவர் முன்னிலையிலேயே 6 ஆயிரம் தோட்டாக்களைச் சுட்டார்கள். ஒரு தடவைகூட அது சிக்கவில்லை. மார்ச் 29-ந் தேதி ராணுவம் அதை ஏற்றது. 1985 வரை அதுதான் அமெரிக்கப் படையின் பிஸ்டல்.

கணக்கைப் பாருங்கள். 25 குண்டின் எடை சுமார் 3 கிராம். 32 குண்டு நாலரை கிராம் அளவு. 45 குண்டோ 15 கிராம். மூன்றும் பாயும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே வேகத்தில் வந்தாலும் சைக்கிள் மோதுவதும் சரக்கு லாரி மோதுவதும் ஒன்றாகுமா?

மணியாச்சி சொல்வது என்ன?

அப்படியானால் சின்னக் குண்டு கொல்லாதா? கொல்லும். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ வீழ்ந்தது 1900 மாடல் பிரவுனிங்கால். அதே டிசம்பரில் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன் வீழ்ந்ததும் பிரவுனிங்கால்தான். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் இருந்த கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியம் பிரவுனிங். 1914-ல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் அவர் வடித்த மாடலே.

இவற்றைச் சொல்லித்தான் சிறிய பிஸ்டலே போதும் என்று பலர் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது.

மேலே சொன்னவர்கள் எல்லாம் தேடிப்போய்ச் சுட்டவர்கள். நேரத்தை அவர்களே குறித்தார்கள், இடத்தையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். எதிரில் இருந்தவர் எப்போது இறக்கிறார் என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. தற்காப்புக்குச் சுடுகிறவன் நிலை வேறு. வருகிறவன் எப்போது வருவான் என்று அவனுக்குத் தெரியாது. வந்தவன் 11 நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தால் அவனுக்குப் பயன் இல்லை. அடுத்த அடி வைக்கும் முன் நிற்க வேண்டும்.

1983-ல் டுல்லர் என்ற போலீஸ் அதிகாரி ஒரு கணக்குச் சொன்னார். அவரும் பிரவுனிங்கின் யூட்டா மாநிலத்துக்காரர். கத்தியோடு நிற்பவன் 21 அடி தூரத்தை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான் என்பது அவர் கண்டது. அதற்குள் பையில் கையை விட்டு எடுத்து, குறி பார்த்து, சுட்டாக வேண்டும். குட்டைக் குழல் துப்பாக்கியில் குறி தவறுவதும் எளிது.

மறுபக்கமும் உண்டு. துப்பாக்கியைக் கண்டதுமே ஓடிவிடுகிற திருடன்தான் அதிகம். அது 25-ஆ 45-ஆ என்று அவன் அளந்து பார்ப்பதில்லை. பெரிய துப்பாக்கி கனமாக இருக்கிறது என்று வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போகிறவனுக்கு, பையில் இருக்கும் சிறியது மேல். மிரட்ட அது போதும். கண்மண் தெரியாமல் பாய்கிறவனை நிறுத்த அதை நம்பக் கூடாது.

நம் நாட்டில் சட்டம் வேறு குறுக்கே நிற்கிறது. 38, 455, 9 மில்லிமீட்டர் எல்லாம் தடை செய்யப்பட்ட போர். பொதுமக்களுக்கு லைசென்சில் வழக்கமாகக் கிடைப்பது 32 வரைதான். 1980-களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. தாத்தா காலத்துப் பெல்ஜியம் பிஸ்டலுக்கு ஆனை விலை ஏறியதற்குக் காரணம் இதுதான். பிறகு அரசாங்கத் தொழிற்சாலைகளே 32 ரிவால்வரும் பிஸ்டலும் செய்தன. கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த நம்மவர்களுக்குத் தோட்டாவின் அடியில் பொறிக்கும் கே.எப். என்ற எழுத்து நன்றாகத் தெரியும்.

தொழிற்சாலையிலேயே முடிவு

முதல் உலகப் போரில் பிரவுனிங்கின் இயந்திரத் துப்பாக்கிகளை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. உரிமைத் தொகையாக அரசு கொடுக்க முன்வந்தது 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கணக்குப்படி வரவேண்டியதைவிட இது மிகக் குறைவு. அவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

அவர் பெற்ற காப்புரிமைகள் 128. கடைசி வரை ஓயவில்லை. 1926 நவம்பர் 26-ந் தேதி ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோது மாரடைப்பு வந்தது. அங்கேயே காலமானார். வயது 71.

அப்போது அவர் பாதியில் விட்டுப்போன பிஸ்டல் ஒன்று உண்டு. பாக்கெட் துப்பாக்கியைவிடப் பெரியது, 9 மில்லிமீட்டர், 13 தோட்டா பிடிக்கும். பெல்ஜியத்து நிபுணர் சைவ் அதை முடித்து 1935-ல் வெளியிட்டார். வங்காளத்தில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை அதே அமைப்பில் நம் ராணுவத்துக்கும் போலீசுக்கும் பிஸ்டல் செய்தது. பூனா போலீஸ் கமிஷனர் ஆபீசில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற கடைக்காரர் அதை வாங்க முடியாது. அவருக்கு 32 தான்.