விளக்கேந்திய மங்கையும் சாக்கடைக் கணக்கும்

- மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை



ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைத் தேர்ந்தெடுத்தேன். சிவில் படிக்கிறவனுக்கு நர்சம்மா கதை எதுக்குடா என்று ஹாஸ்டலில் ஒரே கிண்டல். காரணம் இருக்கிறது. என் அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாங்க. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். முதலாம் ஆண்டு சேரும்போது விண்ணப்பத்தில் தாயார் தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதிவிட்டேன். உண்மையை எழுத வெட்கமாக இருந்தது. இந்த அம்மையாரின் வரலாற்றைப் படித்த பிறகுதான், வெட்கப்பட வேண்டியது அந்த வெட்கத்துக்கு என்று புரிந்தது.

இவர் 1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். பெற்றோர் இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்கள். அப்பாவே வீட்டில் உட்கார வைத்து மொழிகள், வரலாறு எல்லாம் கற்றுக்கொடுத்தார். பெண்ணுக்குக் கணக்கு என்றால் உயிர். ஆனால் நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் பூகம்பமே வெடித்தது! அந்தக் காலத்தில் அது கௌரவமான குடும்பத்துப் பெண் செய்யும் வேலையே அல்ல. பல வருடம் போராடி, 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையின் பொறுப்பு கிடைத்தது. அங்கே போனதும் அவர் கேட்டது என்ன தெரியுமா? ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர், சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு தூக்கி, நோயாளி கூப்பிட மணி. நம்ம டிராயிங் ஹாலில் இருக்க வேண்டிய ஆள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

பிறகு வந்தது கிரிமியப் போர். 1854-இல் பிரிட்டனும் அதில் இறங்கியது. காயம்பட்ட சிப்பாய்களைக் கருங்கடல் தாண்டிக் கப்பலில் கொண்டுவந்து, துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்தில் போட்டார்கள். இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் இருக்கிறது அது. ஒரு பெரிய படைவீட்டையே மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள். அங்கே நடக்கும் அவலத்தை லண்டன் பத்திரிகை எழுதியதும் நாடே கொதித்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொள்ள, 38 பெண்களுடன் நைட்டிங்கேல் 1854 நவம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

கையில் விளக்கோடு இரவில் கட்டில் கட்டிலாகப் போகும் படத்தை நாம் எல்லாரும் சின்ன வகுப்பிலேயே பார்த்திருக்கிறோம். அது பொய்யில்லை. அவர் சமையலைச் சீர்செய்தார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், தரை தேய்க்கும் பிரஷ் வாங்கினார், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார். ஆனால் படத்தில் இல்லாத ஒரு விஷயம் உண்டு, நண்பர்களே. இத்தனை உழைத்தும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. ஏறிக்கொண்டே போனது! 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். அதிலும் குண்டுக் காயத்தால் செத்தவர்கள் கொஞ்சம்தான். காலரா, சீதபேதி, விஷக்காய்ச்சல் இவைதான் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோயின.

காரணம் எங்கே இருந்தது? காலுக்குக் கீழே! அந்தக் கட்டடம் அடைத்துப்போன சாக்கடைகளின் மேல் நின்றது. தண்ணீர் வரும் வழியில் செத்த மிருகம் கிடந்தது. காற்றோட்டம் கிடையாது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. அதில் சதர்லாண்ட் என்ற மருத்துவர் இருந்தார். ராபர்ட் ராலின்சன் என்ற சிவில் என்ஜினீயரும் இருந்தார். நம்ம ஆளு! அவர்கள் சாக்கடையை அலசி விட்டார்கள், குப்பையை வண்டி வண்டியாக அள்ளினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கூரையில் காற்றுப் போக வழி திறந்தார்கள். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கிவிட்டது.

1856-இல் ஊர் திரும்பியபோது நைட்டிங்கேல் நாடே கும்பிடும் தெய்வம். வேறு யாராவது என்றால் மாலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவரோ வரவேற்புக்கு ஒளிந்து வேறு பெயரில் வந்து இறங்கினார். வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரோடு சேர்ந்து சாவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். தான் இருந்த ஆஸ்பத்திரியிலும் அத்தனை பேர் செத்தது ஏன் என்பதைக் கணக்கு மறைக்காமல் சொன்னது. அவரும் மறைக்கவில்லை. 1858-இல் அதை வட்டப் படமாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். மாதத்துக்கு ஒரு துண்டு. தடுத்திருக்கக்கூடிய நோயால் வந்த சாவு நீலம், காயத்தால் வந்தது சிவப்பு, மற்றவை கறுப்பு. பார்த்தால் எல்லாம் நீலம்! எண்ணைப் படிக்கச் சோம்பல்படும் மந்திரிக்கும் அது புரியும். அதே 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதில் உறுப்பினரான முதல் பெண் இவர்தான்.

1859-இல் மருத்துவமனைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயைத் தீர்ப்பது பிறகு, உள்ளே வந்தவனுக்குப் புது நோயைக் கொடுக்காமல் இருப்பது முதல் என்பதுதான் அதன் அடிப்படை. அதற்காக வார்டை எப்படிக் கட்டுவது, இரண்டு பக்கமும் ஜன்னல் எப்படி வைப்பது, கட்டிலுக்குக் கட்டில் எத்தனை இடம் விடுவது என்றெல்லாம் எழுதினார். 1860-இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கினார். நம் நாட்டுக்கு ஒருமுறைகூட வராமலே, இந்தியப் படை முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பித் தண்ணீர், வடிகால் விவரம் வாங்கினார். 1863-இல் வந்த அறிக்கையில் அந்த உழைப்பு இருக்கிறது. இதில் பெரும்பகுதியைப் படுக்கையில் இருந்தபடியே செய்தார். போரில் வந்த காய்ச்சல் அவரைப் பல காலம் எழ விடவில்லை.

அவரிடமும் தவறு உண்டு. நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்றே நெடுங்காலம் நம்பினார். கிருமி என்பதைச் சீக்கிரம் ஏற்கவில்லை. ஆனால் சாக்கடையைச் சுத்தம் செய், கையைக் கழுவு, ஜன்னலைத் திற என்ற அவரது வைத்தியம் கிருமிக்கும் சரியாகவே இருந்தது. 1910 ஆகஸ்ட் 13-இல், 90 வயதில் மறைந்தார். பெரிய தேவாலயத்தில் இடம் கொடுத்தும் குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லி, சொந்த ஊர்ப் பக்கம் எளிமையாக அடக்கம் செய்தார்கள். அவர் பிறந்த மே 12-ஐத்தான் உலகம் செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வார்டுக்குப் பின்னால் மேன்ஹோல் பொங்கி, தண்ணீர் வாசல்படி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா சாக்கைப் போட்டு அணைகட்டி, வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாங்க. உள்ளே பிரசவமான பொண்ணுங்க படுத்திருக்காங்கடா, தண்ணி உள்ள போகக் கூடாது என்றாங்க. மூன்று நாளாக நாற்றம் வருது, அடைப்புன்னு அப்பவே சொன்னேன், யாரும் கேக்கலை என்றும் சொன்னாங்க. சுகாதாரப் பொறியியல் பாடத்தில் நான் மனப்பாடம் செய்த ஸ்லோப், ட்ராப், வெண்ட் பைப் எல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு உயிரோடு தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மூக்கிலேயே தெரிந்த விஷயம் அது.

நண்பர்களே! நம்மில் சிலர் ஓவர்சீயர் ஆவோம், சிலர் காண்ட்ராக்டரிடம் சேர்வோம். என்றைக்காவது ஓர் ஆஸ்பத்திரிக்குப் பைப் லைன் போடும் வேலை நம் கைக்கு வரும். லெவல் பார்க்க அலுப்பாக இருக்கும், கால் அங்குலம்தானே என்று தோன்றும். அப்போது ஸ்குட்டாரியின் அந்த 42-ஐயும் 2-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாக்கடையைத் தினமும் கழுவும் அம்மா சொல்வதையும் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்.

இந்த வருட ஸ்காலர்ஷிப் படிவத்தில் தாயார் தொழில் என்ற இடத்தில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் என்று முழுசாக எழுதினேன். கோடு போட்ட இடம் போதவில்லை. அடுத்த வரியிலும் எழுதினேன்.