தப்படியால் இமயத்தை அளந்தவர்



கணவாய் என்று சொன்னால் நம் மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடனே ஞாபகம் வருவது ஆண்டிபட்டிக் கணவாய்தான். உசிலம்பட்டி தாண்டியதும் பஸ் முக்கி முனகி ஏறும். ஜன்னலில் காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும். அந்தப் பக்கம் இறங்கினால் தேனிச் சீமை. ஒரு பாட்டு முடிவதற்குள் கணவாய் முடிந்துவிடும்.

ஆனால் நம் ஆனைமுடியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரமான கணவாய்களும் இந்த நாட்டில் இருக்கின்றன. இமயமலையில் உள்ள மானா கணவாய் 5,600 மீட்டருக்கு மேல். அங்கே மூச்சு விடுவதே ஒரு வேலை. அப்படிப்பட்ட கணவாய்களை நடந்தே தாண்டி, தாண்டும்போது ஒவ்வொரு தப்படியையும் எண்ணிக் கணக்கு வைத்த ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் நயின் சிங் ராவத். சர்வே பாடம் படிக்கிற நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் என்பதால் அவர் கதையை இந்த மலரில் எழுதுகிறேன்.

மலையடிவாரத்து வாத்தியார்

நயின் சிங் 1830 அக்டோபர் 21 அன்று பிறந்தார். ஊர் மிலம். இன்றைய உத்தராகண்ட் மாநிலம், பித்தோராகட் மாவட்டத்தில் ஒரு பனியாற்றின் அடியில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஊரே காலி செய்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். நிலம் குறைவு, விளைச்சலும் குறைவு. அதனால் அந்தச் சனங்களுக்கு வியாபாரம்தான் பிழைப்பு. ஆடுகளின் முதுகில் தானியத்தை ஏற்றிக்கொண்டு கணவாய் தாண்டித் திபெத்துக்குப் போவார்கள். அங்கிருந்து உப்பும் கம்பளியும் கொண்டுவருவார்கள். நயின் சிங்கும் சின்ன வயதிலேயே அப்பாவுடன் அந்தப் பாதைகளில் நடந்தவர்தான். திபெத்து மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

1855ல் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மன் சகோதரர்கள் இமயமலையை ஆராய வந்தபோது அவர்களோடு சேர்ந்து வேலை பார்த்தார். காம்பஸையும் தெர்மாமீட்டரையும் பிடித்துப் பழகியது அங்கேதான். பிறகு சொந்த ஊரில் பள்ளி வாத்தியார் ஆனார். பண்டிட் என்ற பட்டம் அவருக்கு அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

அரை டன் கருவியும் வெறும் காலும்

இந்த இடத்தில் கொஞ்சம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வே எங்கே தொடங்கியது தெரியுமா? 1802ல் நம் சென்னை பரங்கிமலையில்! வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய வேலை அது. அவருடைய தியோடலைட் எடை சுமார் அரை டன். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது அடிபட்டதும் நடந்த கதை. அந்த சர்வே தென்கோடியிலிருந்து கிளம்பி வடக்கே இமயம் வரை போய் நின்றது. அதற்கு மேல் போக முடியவில்லை. திபெத்து எல்லை மூடிக்கிடந்தது. வெள்ளைக்காரர் யாராவது நுழைந்தால் திருப்பி அனுப்பினார்கள். மறைந்து போகிறவனுக்கு உயிருக்கே உத்தரவாதம் இல்லை. அதனால் லாசா நகரம் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே வரைபடத்தில் சரியாகக் கிடையாது.

கேப்டன் மான்ட்கோமரி என்ற சர்வே அதிகாரிக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பக்கத்துச் சனங்கள்தான் வியாபாரத்துக்கும் யாத்திரைக்கும் போய்வருகிறார்களே, அவர்களுக்கே சர்வே கற்றுக்கொடுத்து அனுப்பினால் என்ன? 1863ல் நயின் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு வந்தார்கள். அரை டன் கருவியை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியுமா? முடியாது. அதனால் மனுஷனையே கருவியாக மாற்றினார்கள்.

எப்படி என்று பாருங்கள். ஒரு மைலுக்குச் சரியாக 2,000 தப்படி. அதாவது ஒரு தப்படி சுமார் முப்பத்தொன்றரை அங்குலம். மேடோ பள்ளமோ, பனியோ சேறோ, தப்படி மாறக் கூடாது. எண்ணிக்கை மறக்காமல் இருக்க ஜபமாலை. வழக்கமான மாலையில் 108 மணி இருக்கும். இவர் மாலையில் 100தான். நூறு தப்படிக்கு ஒரு மணியைத் தள்ளினால், மாலை ஒரு சுற்று வரும்போது 10,000 தப்படி, அதாவது ஐந்து மைல். மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போய்ச் சேரும்போது மாலை ஒரு சுற்று முடிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திபெத்துக்காரர்கள் கையில் வைத்துச் சுழற்றும் பிரார்த்தனை உருளைக்குள் மந்திரச் சுருள் இருக்கும். இவர் உருளைக்குள் இருந்தது வெற்றுத் தாளும் குறிப்புகளும்! பெட்டியின் ரகசிய அடித்தட்டில் செக்ஸ்டன்ட். சோழிக்குள் அடைத்த பாதரசம். ராத்திரியில் அந்தப் பாதரசத்தைப் பிச்சைப் பாத்திரத்தில் ஊற்றினால் தட்டையான கண்ணாடி மாதிரி நிற்கும். நட்சத்திரத்துக்கும் அதில் தெரியும் பிம்பத்துக்கும் நடுவில் உள்ள கோணத்தை அளந்து பாதியாக்கினால் நட்சத்திரத்தின் உயரக் கோணம். அதிலிருந்து அட்சரேகை.

உயரத்துக்கு என்ன வழி? வெந்நீர்தான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி சென்டிகிரேடு குறையும். நம் மதுரையில் கிட்டத்தட்ட 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் லாசாவில் சுமார் 88 டிகிரியிலேயே கொதிக்கும். டீ போடுவது மாதிரி உட்கார்ந்துகொண்டே மலையின் உயரத்தை அளந்திருக்கிறார் மனுஷன்!

தப்படி லேசுப்பட்ட விஷயமல்ல

இதைப் படித்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது. நானும் வகுப்பு நண்பர்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியிலிருந்து கணவாய்ப் பக்கம் சைக்கிளில் போனோம். ஏற்றத்தில் எதிர்க்காற்றுக்குச் சைக்கிள் நகரவில்லை, இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. அங்கேயே கிலோமீட்டர் கல்லுக்குக் கல் தப்படி எண்ணிப் பார்த்தேன். சமதளத்தில் எனக்கு 1,382. ஏற்றத்தில் 1,461. நடக்கிறவனுக்குத் தெரியாமலே ஏற்றத்தில் தப்படி சுருங்குகிறது. நயின் சிங் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,240 வரும், அதுவும் ஏற்றம் இறக்கம் எல்லாவற்றிலும். நல்ல தார் ரோட்டில், சாப்பிட்ட வயிற்றோடு என்னால் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரே தப்படி வைக்க முடியவில்லை என்றால், ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் பனியில் அதைச் செய்தவருடைய பயிற்சி எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்!

லாசாவுக்கு ஒரு பாதை

1865 ஜனவரியில் கிளம்பினார்கள். காத்மாண்டு போய் அங்கிருந்து எல்லை தாண்டப் பார்த்தார்கள். எல்லைக் காவலர்கள் பெட்டியைச் சோதித்துத் திருப்பி அனுப்பினார்கள். நல்லவேளை, ரகசிய அறை கண்ணில் படவில்லை. மணி சிங் திரும்பிவிட்டார். நயின் சிங் லடாக் வியாபாரி போல வேஷம் மாற்றிக்கொண்டு மறுபடி முயன்று உள்ளே புகுந்துவிட்டார். சாங்போ ஆற்றை ஒட்டியே வியாபாரிகள் கூட்டத்தோடு நடை. நம் பிரம்மபுத்திராவுக்கு அங்கே அதுதான் பெயர். கூட்டத்தோடு பேசிக்கொண்டே வந்தால் எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் ஜபம் செய்கிறவர் போல ஒதுங்கியே நடந்தார்.

1866 ஜனவரியில் லாசா. கைக்காசு கரைந்து போனதால் அங்கிருந்த வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவினார். வாத்தியார் வேலை எங்கே போனாலும் சோறு போடும்! அந்த ஊரிலேயே அனுமதியில்லாமல் வந்த ஒருவர் தலை வெட்டப்படுவதைக் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார். ஆனாலும் அளவெடுப்பதை நிறுத்தவில்லை. ஏப்ரலில் கிளம்பி மானசரோவர் வழியாகத் திரும்பி வந்து சேர்ந்தார். மொத்தம் சுமார் 1,200 மைல். ஏறக்குறைய 25 லட்சம் தப்படி! மதுரையிலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை போய்த் திரும்புகிற தூரத்தை எண்ணிக்கொண்டே நடந்திருக்கிறார். லாசாவின் இடமும் உயரமும் முதல் தடவையாக நம்பும்படி வரைபடத்தில் ஏறின.

1867ல் மானா கணவாய் தாண்டி மேற்குத் திபெத்தின் தங்கச் சுரங்கங்களைப் பார்த்து வந்தார். 1874 ஜூலையில் லடாக்கின் லே நகரிலிருந்து புறப்பட்டு, வேறு பாதையில் மறுபடி லாசா, அங்கிருந்து தவாங் வழியாக 1875 மார்ச்சில் அசாம். 1,300 மைலுக்கு மேல். அதோடு உடம்பும் கண்ணும் தளர்ந்துபோயின. பிறகு புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் காலமானார்.

பெயர் எங்கே?

எனக்கு மனசில் உறுத்துகிற விஷயம் இதுதான். அவர் கொண்டுவந்த அளவுகளை வைத்து லண்டன் ராயல் ஜியாக்ரபிகல் சொசைட்டியில் மான்ட்கோமரி கட்டுரை வாசித்தார். அதில் நயின் சிங் என்ற பெயர் இல்லை. பண்டிட் என்று மட்டும்தான். ரகசியம் காக்க வேண்டும், அவர் மறுபடி போக வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் ஊர் உலகம் மெச்சிய வேலையைச் செய்தவர் பல வருஷம் பெயரில்லாமலே இருந்தார். 1877ல்தான் அந்தச் சொசைட்டி அவர் பெயரிலேயே தங்கப் பதக்கம் கொடுத்தது. சர்க்கார் ஒரு கிராமத்தை மானியமாகத் தந்தது. நம் நாடு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 2004ல்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வரைபடம் யாருக்குப் பயன்பட்டது? 1904ல் ஆங்கிலேயப் படை லாசாவுக்குள் நுழைந்தது. அளந்தவருக்கு அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லை. அளவு ஒருவர் கையில், அதை வைத்து என்ன செய்வது என்ற முடிவு இன்னொருவர் கையில்!

இதை நினைக்கும்போது எனக்கு எங்க அப்பா ஞாபகம் வருகிறார். அவர் கொத்தனார். பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மனையில் இறங்கினால் முதலில் தப்படி போட்டுப் பார்த்துத்தான் வானம் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போடுவார். பிறகு டேப் பிடித்தால் விரற்கடை வித்தியாசம்கூட வராது. அவர் கட்டிய வீடுகள் எங்கள் ஊரைச் சுற்றி எத்தனையோ. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. பிளானில் கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில்கூட எங்கள் வீட்டில் யாரும் இதுவரை போனதில்லை. படிக்க வந்த முதல் ஆள் நான்தான். நயின் சிங் காலால் அளந்ததும் அப்பா காலால் அளப்பதும் ஒரே வித்தைதான். ஒருவர் எழுதி வைத்தார், இன்னொருவருக்கு எழுதி வைக்க வழியில்லாமல் போச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

தோழர்களே, இன்று நமக்கு டோட்டல் ஸ்டேஷன் இருக்கிறது. பாக்கெட்டில் இருக்கும் போனே நாம் நிற்கிற இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் கருவி பொய் சொல்லாவிட்டாலும் ஃபீல்டு புக் பொய் சொல்லும். களத்துக்குப் போகாமலே ரீடிங்கை நிரப்புகிற பழக்கம் எந்த ஊரிலும் உண்டு. நயின் சிங் பக்கத்தில் நின்று சரிபார்க்க ஒருவரும் இல்லை. பாதி வழியில் எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு கணக்கை எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு யார் கேட்டிருப்பார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் நம்பி வரைய முடிந்தது.

நாளைக்கு நாமும் ரோட்டிலும் பாலத்திலும் வாய்க்காலிலும் நிற்கப் போகிறோம். எஞ்சினியருக்கும் கொத்தனாருக்கும் நடுவில் நிற்கிறவர்கள் நாம்தான். நாம் எழுதும் ஒவ்வொரு எண்ணும் நாமே போய் அளந்ததாக இருக்கட்டும். அளவுக்குச் செயின் பிடித்தவர், ஸ்டாஃப் தூக்கியவர் பெயரையும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதுவோம். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு பேனா போதும்.



- மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை