உறக்கத்தில் தடைபடும் மூச்சு: வில்லியம் டாஃப்டின் வாழ்க்கை உணர்த்துவது

உடற்பருமன் உள்ள உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தால், அமெரிக்காவின் 27ஆவது குடியரசுத் தலைவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்டின் வாழ்க்கையை அறிந்துகொள்வது பயன் தரும்.

டாஃப்ட் 1857ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரில் பிறந்தார். சட்டம் பயின்று நீதிபதியானார். 1901இல் பிலிப்பைன்ஸின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் சீழ்க்கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு உடல் தேறினார். குருதியிலுள்ள ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து காட்டும் கருவி அக்காலத்தில் இல்லை.

1905இல் அவருடைய எடை சுமார் 142 கிலோ. இங்கிலாந்து மருத்துவர் ஒருவரிடம் கடிதம் வழியாக ஆலோசனை பெற்று எடையைக் குறைத்தார். ஆனால் குறைந்த எடை மீண்டும் கூடியது. 1909இல் குடியரசுத் தலைவரானபோது அவர் 150 கிலோவைத் தாண்டியிருந்தார். உரையாடலின் நடுவிலும் பொது நிகழ்ச்சிகளிலும் உறங்கிவிடுவார். உரத்துக் குறட்டை விடுவார். இதனை அவருடைய மனைவியும் உதவியாளரும் நன்கு அறிந்திருந்தனர்.

1913இல் பதவிக்காலம் முடிந்தபின் ஓராண்டுக்குள் 27 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. பகல் உறக்கமும் அகன்றது. 1921இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான அவர், 1930இல் தமது 72ஆம் வயதில் காலமானார். அவருக்கு உறக்க மூச்சுத்தடை நோய் இருந்திருக்க வேண்டும் என்பது பிற்கால மருத்துவ ஆய்வின் முடிவு.

இந்நோயில், உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. மூச்சு தடைபட்டதும் மூளை விழித்துக்கொண்டு பாதையைத் திறக்கிறது. மிடசோலம், புரொப்போஃபால் போன்ற மருந்துகளும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதோடு, மூளையின் இந்த விழிப்பையும் மந்தமாக்குகின்றன. மல்லாந்து படுக்கும்போது வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், நுரையீரலில் சேமிப்பாக நிற்கும் காற்றும் குறைகிறது. எனவே மூச்சு நின்றால் ஆக்சிஜன் அளவு விரைவாகச் சரியும்.

இதற்காக அஞ்சி சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை. மயக்கவியல் மருத்துவர் முன்கூட்டியே அறிந்தால், தலைப்பகுதியை உயர்த்திப் படுக்கவைத்தும், மயக்கத்திற்கு முன் ஆக்சிஜன் அளித்தும், மருந்தின் அளவைத் திட்டமிட்டும், சிகிச்சைக்குப் பின் கூடுதல் நேரம் கண்காணித்தும் பாதுகாப்பார்.

அறுவை சிகிச்சைக்கு முன் நீங்கள் தெரிவிக்க வேண்டியவை:

• உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறுதல், பகலில் அடக்க முடியாத உறக்கம்
• உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, புகைப்பழக்கம்
• உட்கொள்ளும் தூக்க மாத்திரைகள், வலிநிவாரணிகள், மது அருந்தும் பழக்கம்
• முந்தைய மயக்கமருந்தின்போது ஏற்பட்ட சிக்கல்கள்

சிபாப் கருவி பயன்படுத்துவோர் அதனை மருத்துவமனைக்குத் தவறாமல் எடுத்து வர வேண்டும். வீடு திரும்பிய பின்னரும் மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை உட்கொள்ளலாகாது.

பராமரிப்பாளரே, உறங்குபவர் தம் குறட்டையைத் தாமே கேட்பதில்லை. அவர் மூச்சு இரவில் தடைபடுவதைக் கண்டவர் நீங்கள்தான். ஆகவே, மயக்கவியல் மருத்துவரின் முன்பரிசோதனைக்கு நோயாளியுடன் நீங்களும் வந்து, கண்டதைக் கூறுங்கள்.