வெயிலில் உரம் தேடிய நீல் ரத்தன் தர்

யூரியா விலை ஏறினால் கடைக்காரரைத்தான் நாம் குறை சொல்வோம். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கி உலகெங்கும் உர விலை எகிறியபோதுதான், அந்த மூட்டையின் அடக்க விலையில் பெரும்பங்கு எரிவாயு என்பது நம்மில் பலருக்கு உறைத்தது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதை அம்மோனியாவாக்க 400 பாகைக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப் போல் 150 மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். ஜெர்மனியில் ஹேபர் கண்டு, போஷ் 1913-இல் ஆலையாக்கிய முறை இது.

இதே வேலையை வெறும் வெயில் செய்யுமா? இந்தக் கேள்வியோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் நீல் ரத்தன் தர்.

1892 ஜனவரி 2-ஆம் தேதி, இன்று வங்கதேசத்தில் உள்ள ஜெசோரில் பிறந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராயிடம் வேதியியல் படித்தார். உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று 1917-இல் லண்டனிலும், 1919-இல் பாரிஸிலும் முனைவர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு அலகாபாத் வந்து மியூர் மத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த ஊரே அவருக்கு வீடாகிவிட்டது. 1931-இல் ஒளியின் வேதிவினைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் லண்டனில் வெளியானது. இந்தியாவில் இயற்பிய வேதியியலுக்கு அடித்தளமிட்டவர் என்று அவரைச் சொல்வார்கள்.

புகழ் அத்தோடு போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. ஆய்வுக்கூடத்துக் குடுவையிலிருந்து வயலுக்கு இறங்கினார். 1935-இல் மண் ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பின்னர் அது அலகாபாத் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. மனைவி ஷீலா தரின் நினைவாக அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சாணம், வைக்கோல், இலைதழை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு ஆகியவற்றை மண்ணில் கலந்தால் அவை மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். அப்போது வெளிப்படும் ஆற்றலால் காற்று நைட்ரஜன் மண்ணில் பிடிபடும், வெயில் பட்டால் இன்னும் கூடும் என்றார் தர். நுண்ணுயிர்களை அழித்த மண்ணிலும் இது நடக்கிறது என்றார். இருட்டில் வைத்த மண்ணையும் வெளிச்சத்தில் வைத்த மண்ணையும் ஒப்பிட்டு, சகாக்களோடு 1941-இல் வெளியிட்ட கட்டுரையை இத்துறையினர் இன்றும் முன்னோடியாகக் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். நம்மவர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாக இந்தியா நோக்கி நடந்தார்கள். பர்மா அரிசி வங்காளத்துக்குப் போவது நின்றது. 1943 பஞ்சத்தில் தரின் சொந்த வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நம் ஐராவதிக் கழனிகளோடு தொடர்புள்ளது. மண்ணின் தழைச்சத்து அந்தத் தலைமுறைக்கு வெறும் பாடப்புத்தக விஷயமல்ல.

ஆனால் மண் அறிவியலாளர் பலர் தரை ஏற்கவில்லை. அவர்களுடைய சந்தேகம் கணக்குப் பார்ப்பவர்களுக்கு எளிதில் புரியும். ஒரு ஹெக்டேர் மேல்மண் சுமார் 20 லட்சம் கிலோ. அதில் 0.05 சதவீதம் நைட்ரஜன் என்றால் ஆரம்ப இருப்பே 1,000 கிலோ. வெயில் ஆண்டுக்கு 20 கிலோ சேர்த்தது என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு சதவீதம். மாதிரி எடுப்பதில் வரும் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும். வரவு உண்மையா, எழுத்துப் பிழையா என்று எப்படித் தீர்ப்பது?

1977-இல் அமெரிக்காவில் ஷ்ராவ்சரும் குத்தும், இரும்பு கலந்த டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளியில் நைட்ரஜனை அம்மோனியாவாக்குவதாக அறிவித்தார்கள். அறை வெப்பநிலை, சாதாரண அழுத்தம், தண்ணீர் போதும். 1983-இல் பாலைவன மணலிலும் அது நடப்பதாக ஷ்ராவ்சர் எழுதினார். தர் சொன்னதன் ஒரு பகுதிக்கு அங்கே ஆதரவு கிடைத்தது.

ஆனாலும் பழைய சந்தேகம் தீரவில்லை. கிடைக்கும் அம்மோனியா மிகச் சிறிது. காற்றிலும் கையுறையிலும் நம் மூச்சிலும்கூட அம்மோனியா உண்டு. அதனால் இன்று நைட்ரஜன்-15 என்ற கனமான ஐசோடோப்பைச் செலுத்தி, வந்த அம்மோனியாவில் அது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வரவுக்கு ரசீது கேட்பது போலத்தான். ரசீது இல்லாத வரவை நல்ல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. வெயிலால் ஓடும் உர ஆலை இன்னும் சந்தைக்கு வரவில்லை.

தர் 1961-இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். முதுமையிலும் மண்ணை விடவில்லை. 1986 டிசம்பர் 5-ஆம் தேதி, 94 வயதில் காலமானார்.

வெயில் எவ்வளவு நைட்ரஜன் தருகிறது என்ற கணக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் பயிர்க்கழிவை எரிக்காமல் மண்ணுக்கே திருப்பிக் கொடுங்கள், கூடவே பாஸ்பேட்டும் இடுங்கள் என்று அவர் சொல்லிவந்த யோசனைக்கு எந்தத் தீர்ப்பும் தேவையில்லை. தின்கன்ஜூனில் குடியிருக்கும் நம்மில் சிலருக்கு ஊர்ப்பக்கம் இன்னும் வயல் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் வழக்கமும் இருக்கிறது. யூரியா வாங்கப் பணம் புரட்டும் இந்தக் காலத்தில், கையில் இருக்கும் தழைச்சத்தைப் புகையாக விட்டுவிட வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லி அனுப்புவோம்.