ஸ்கோர் நோட்டு சாட்விக்

போன வாரம் விளையாட்டு பீரியடில் ஸ்கோர் எழுதுற வேலை எனக்குக் கிடைச்சது. வைடு போனால் அந்த ரன் அடிக்கிறவங்க கணக்கில் சேராது, எக்ஸ்ட்ராவில்தான் எழுதணும். இதே வழக்கத்தை பேஸ்பாலுக்கும் கொண்டுபோன ஒருத்தரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஹென்றி சாட்விக் 1824-ல் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரில் பிறந்தார். 1837-ல் குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்காவில் புரூக்ளினுக்கு வந்தார். பெரியவரானதும் பத்திரிகைகளுக்கு கிரிக்கெட் செய்தி எழுதினார். 1856-ல் ஒரு பேஸ்பால் ஆட்டம் பார்த்தார். அதோட மனசு அந்தப் பக்கம் போயிடுச்சு.

பேஸ்பாலில் பந்தை அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி வந்தால் ஒரு ரன். அப்போது பத்திரிகையில் ரன், அவுட் தவிர பெரிசா ஒன்றும் வராது. சாட்விக் கட்டம் போட்டு, யார் எத்தனை அடித்தார், யார் பந்தைக் கோட்டை விட்டார் என்று எல்லாத்தையும் எழுதினார். மூன்று முறை தவறவிட்டு அவுட்டானால் 'கே' என்று போடுவார். ஸ்ட்ரக் என்ற சொல்லோட கடைசி எழுத்து அது. இன்னிக்கும் அப்படித்தான் போடுறாங்க! பேட்டிங் சராசரி பரவியதற்கும் இவர் முக்கியக் காரணம்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு இவர்மேல் வருத்தம். அடிக்க வாகில்லாத பந்தாகவே நாலு போட்டால், அடிக்கிறவர் நடந்தே முதல் மூலைக்குப் போகலாம். அது வீசினவர் தப்பு, அடிக்கிறவருக்குப் பெருமை இல்லை என்று சாட்விக் நினைத்தார். வைடு மாதிரியே. கெட்ட பந்தை ஆடாமல் விடுவதும் திறமைதானே? அதையும் சேர்த்த கணக்கு 1984-ல்தான் அதிகாரபூர்வமானது.

இடையில் 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்பவர் நியூயார்க்கில் நண்பர்களோடு ஒரு புள்ளி விளையாட்டு தொடங்கினார். நிஜ வீரர்களில் யார் அந்த வருஷம் நல்லா ஆடுவாங்கன்னு முன்கூட்டியே ஊகித்து ஏலம் எடுக்கணும். பத்திரிகையில் வரும் கணக்கை வைத்துத்தான் புள்ளி. அதிலும் பேட்டிங் சராசரி உண்டு, நடந்து போனதுக்குப் புள்ளி கிடையாது. வீசினவருக்கு மட்டும் அது குறைச்சல்! சாட்விக் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் நினைப்புதான் ஓடியிருக்கு.

அவர் 1908-ல் நிமோனியா வந்து புரூக்ளினில் இறந்தார், வயது 83. அவர் கல்லறையில் நாலு மூலைக்கும் கல்லிலேயே பேஸ் வைத்து, தூண் உச்சியில் ஒரு கல் பந்தும் வைத்திருக்கிறார்கள்.